மூன்று ஆம்புலன்ஸ் குழுக்கள், ஒரு தன்னார்வ மன்றம்: எங்கிருந்து தொடங்குவது?

புதிய செயலாளர்:
வணக்கம். எங்கள் பகுதியில் மூன்று ஆம்புலன்ஸ் குழுக்களும் இரண்டு மருத்துவமனைகளும் ஒரு தீயணைப்பு நிலையமும் இருக்கின்றன. எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத் தன்னார்வ மன்றம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். போன மாதம் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். முதல் கூட்டமே சண்டையில் முடிந்தது. ஒரு குழு புது வண்டி கேட்டது. இன்னொரு குழு, "எங்கள் எல்லைக்குள் நீங்கள் ஏன் வருகிறீர்கள்?" என்று எழுந்து நின்றது. மருத்துவமனையிலிருந்து வந்தவர் பாதியிலேயே கிளம்பிவிட்டார். நான் பள்ளி ஆசிரியை. முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். கையில் கொஞ்சம் நன்கொடை இருக்கிறது. அதை எதில் போடலாம்? முதலில் எதைத் தொடலாம்?

கட்டுப்பாட்டு அறையிலிருந்து:
அழைப்பு எடுக்கும் வேலையில் இருக்கிறேன். வண்டி தெருவுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. வீட்டைத்தான் கண்டுபிடிக்க முடிவதில்லை. கதவில் எண் இருக்காது, பின்வாசல் பூட்டியிருக்கும், லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. குடியிருப்புகளில் போய் ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: அழைத்ததும் ஒருவர் டார்ச்சோடு தெருமுனைக்கு வந்து நிற்க வேண்டும்.

பழைய செயலாளர்:
தங்கச்சி, இதே பொறுப்பில் பதினோரு வருடம் இருந்தேன். முதல் வருடம் நாங்களும் வண்டி வாங்கத்தான் ஓடினோம். வண்டி வந்தது. ஆனால் நோயாளி காத்திருந்த நேரம் குறையவே இல்லை. ஏன் என்று புரியாமல், ஒரு மாதத்து ஓட்டச் சீட்டுகளை (வண்டியின் ஒவ்வொரு பயணத்துக்கும் நேரம் குறித்துவைக்கும் தாள்) வாங்கி வீட்டுத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். ஒவ்வொரு சீட்டிலும் ஏழு நேரம் பார்த்தேன்: அழைப்பு வந்தது, வண்டி கிளம்பியது, இடத்தை அடைந்தது, நோயாளியின் பக்கத்தில் போய் நின்றது, அங்கிருந்து புறப்பட்டது, மருத்துவமனை வாசலுக்கு வந்தது, அடுத்த அழைப்புக்குத் தயாரானது.

கடைசி இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் நேரமெல்லாம் போயிருந்தது. உள்ளே படுக்கை காலியாகும்வரை நோயாளி எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார். ஸ்ட்ரெச்சர் வராமல் வண்டி எப்படிக் கிளம்பும்? அடுத்த நன்கொடையில் இரண்டு ஸ்ட்ரெச்சர் வாங்கி மருத்துவமனை வாசலிலேயே வைத்தோம். நோயாளியை இறக்கிக்கொள்ள அங்கே ஒரு பொறுப்பு நர்ஸ் இருப்பார் என்று எழுத்தில் வாங்கினோம். புது வண்டியால் ஆகாதது அதில் நடந்தது.

அதனால் உங்கள் முதல் வேலை அந்தச் சீட்டுகள். சராசரியை மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். மிகவும் தாமதமான பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். நோயாளியின் பெயரை மறைத்த பிறகே சீட்டு மேசைக்கு வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எல்லைச் சண்டையும் அந்த நேரங்களைப் பார்த்தால் அடங்கும். யார் பக்கத்தில் இருந்தார், யார் போனார் என்பது தாளிலேயே இருக்கும்.

அப்புறம் டிஃபிப்ரிலேட்டர், அதாவது நின்றுபோகும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் கருவி. ஒரு பயிற்சி நாளில், பொது இடத்துச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தோம். பச்சை விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒட்டும் பட்டைகளின் உறையைப் பிரித்தால், ஜெல் காய்ந்து ஓரம் சுருண்டு கிடந்தது. உறையில் போட்டிருந்த தேதி எப்போதோ தாண்டியிருந்தது. இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கி, ரத்த ஓட்டம் நின்றுபோன நிலையில், நெஞ்சை அழுத்தவும் ஆளில்லாமல் ஷாக்கும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த நேரத்தில் காய்ந்த பட்டையை வைத்து என்ன செய்வது? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாளே ஒரு நோட்டுப் போட்டோம்: பெட்டி எங்கே இருக்கிறது, பட்டையின் தேதி, பேட்டரியின் தேதி, இரவில் சாவி யாரிடம். மாதம் ஒருமுறை ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பார்.

மருந்து, சிகிச்சை முறை இதிலெல்லாம் மன்றம் கை வைக்க வேண்டாம். அது பொறுப்பு மருத்துவரின் வேலை.

ஆசிரியை என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். 1967-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் தொடங்கியபோது, மருத்துவர் பீட்டர் சஃபாரின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் வேலையில்லாமல் இருந்த உள்ளூர்க் கறுப்பின மக்கள். அந்நாளில் அந்த நகரத்தில் நோயாளியைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழியில் சிகிச்சை என்பதே கிடையாது. அதை மாற்றியது நல்ல பயிற்சி. நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, பெரியவர்களுக்கு ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர்: இதை ஊருக்கே சொல்லிக்கொடுக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

புதிய செயலாளர்:
அண்ணா, மிக்க நன்றி. சீட்டுகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எழுந்து போன மருத்துவமனைக்காரரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?

அவசரப் பிரிவு நர்ஸ்:
நிர்வாகத்திலிருந்து ஆள் கேட்காதீர்கள் அக்கா, பொறுப்பு நர்ஸைக் கூப்பிடுங்கள். கூட்டத்தை எங்கள் இடத்திலேயே, பணி மாறி அரை மணி நேரம் கழித்து வையுங்கள். நாங்கள் வருவோம்.

வந்தால் நான் பேசப்போவது ஒப்படைப்பைப் பற்றி. நோயாளியை இறக்கும்போது நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருமுறை காலில் டூர்னிகே (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அதை எத்தனை மணிக்கு இறுக்கினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஓட்டுநர் வண்டிக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தார். அந்த நேரத்தைப் பட்டையிலேயே பேனாவால் எழுதியிருந்தால் போதும். இப்போது எங்களிடம் ஒரே வழக்கம்: அரை நிமிடம் எல்லாரும் கையை எடுத்துவிட்டு அமைதியாக நிற்போம், ஒருவர் மட்டும் சொல்வார். வயது, என்ன நடந்தது, எப்போது, என்ன காயம், நாடியும் மூச்சும் எப்படி, வழியில் என்ன கொடுத்தார்கள். மூன்று குழுவும் இதே வரிசையில் சொன்னால் எங்களுக்குப் பெரிய உதவி.

பழைய செயலாளர்:
தங்கை சொல்வது ரொம்பச் சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையை இழந்த அழைப்பு மாதிரி ஒன்று வந்தால், மறுநாள் அந்தக் குழுவினரை யாராவது ஒருவர் தனித்தனியாகப் போனில் கூப்பிட வேண்டும். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டாலே போதும். மறுபடி ஒரு வாரம் கழித்தும் கூப்பிடுங்கள்.

புதிய செயலாளர்:
பொறுப்பு நர்ஸிடம் நாளை நேரில் போய்ப் பேசுகிறேன். மூன்று குழுவிடமும் போன மாதச் சீட்டுகளைக் கேட்டேன். எல்லைக்காகச் சண்டை போட்ட குழுதான் முதலில் அனுப்பியது, பெயர்களையெல்லாம் கறுப்பு மையால் அடித்து.