பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதும் க்ரப் ரெஸ்க்யூவில் நிற்கிறது, உதவுங்கள்

கொழிஞ்சாம்பாறை கடை:
வணக்கம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழிலும் மலையாளத்திலும் மனு அடித்துக் கொடுப்பேன். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் இருப்பது எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கில். பழைய மெஷினில் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கையும் நேற்று மாட்டினேன். ஆன் செய்தால், அப்படியொரு பார்ட்டிஷனே (டிஸ்க்கின் பிரிவு) இல்லை என்று சொல்லிவிட்டு க்ரப் ரெஸ்க்யூவில், அதாவது லினக்ஸைக் கிளப்பிவிடும் க்ரப் ப்ரோகிராமின் அவசரத் திரையில், நிற்கிறது. அங்கே டிஸ்க்குகளைக் காட்டும் எல்எஸ் கட்டளை அடித்தால் ஹெச்டி0, ஹெச்டி1 இரண்டும் வருகின்றன. இதில் எஸ்எஸ்டி எது? நாளை பஞ்சாயத்தில் கொடுக்க வேண்டிய மனுக்கள் உள்ளே மாட்டிக்கொண்டன.

பொள்ளாச்சி தம்பி:
அண்ணா, நம்பரை நம்பாதீங்க. பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் ப்ரோகிராம்) எதை முதலில் காட்டுகிறதோ அதுதான் ஹெச்டி0. டிஸ்க்குக்கு எண்ணிக்கை 0-இல் தொடங்கும், பார்ட்டிஷனுக்கு 1-இல். ஒவ்வொன்றாக எட்டிப் பாருங்க: எல்எஸ் (ஹெச்டி1,எம்எஸ்டாஸ்1)/ என்று ஆங்கிலத்தில் அடியுங்க, அது ஹெச்டி1-இன் முதல் பார்ட்டிஷன். பூட், ஹோம் என்று ஃபோல்டர் தெரிந்தால் அதுதான் லினக்ஸ்.

கொழிஞ்சாம்பாறை கடை:
ஹெச்டி0-இல் ஃபைல்சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கும் முறை) தெரியவில்லை என்கிறது. ஹெச்டி1-இல் பூட் இருக்கிறது! க்ரப் தன் ஃபைல்களைத் தேடும் இடமான ப்ரிஃபிக்ஸை அங்கே மாற்றி, நார்மல் என்ற மாட்யூலை (க்ரப்பின் துணைப் பகுதி) ஏற்ற இன்ஸ்மாட் நார்மல் கொடுத்தேன். க்ரப்_காலாக் என்ற சிம்பல் (க்ரப்புக்குள் இருக்கும் ஒரு ஃபங்ஷனின் பெயர்) இல்லையாம். இப்ப என்ன செய்வது?

செங்கோட்டைக்காரன்:
அந்த எரரிலேயே விடை இருக்கிறது. க்ரப்_காலாக் 2020-இல் பாதுகாப்புத் திருத்தத்தோடு வந்தது. இப்போது ஓடுவது அதற்கு முந்தைய க்ரப். எஸ்எஸ்டியில் உள்ள புது மாட்யூலோடு ஒட்டாது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் முன்பு லினக்ஸ் இருந்ததா?

கொழிஞ்சாம்பாறை கடை:
இருந்ததுங்க. அழித்துவிட்டு முழுசும் விண்டோஸின் ஃபைல்சிஸ்டமான என்டிஎஃப்எஸ் ஆக்கினேன்.

செங்கோட்டைக்காரன்:
நீங்கள் அழித்தது பார்ட்டிஷனை. டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள எம்பிஆரில் பழைய க்ரப் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, பயாஸும் அங்கிருந்தே கிளம்புகிறது. ஃபைல்சிஸ்டம் தெரியவில்லை என்றதும் பயந்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள். ரெஸ்க்யூவில் என்டிஎஃப்எஸ் மாட்யூல் ஏறியிருக்காது, அவ்வளவுதான். பயாஸ் பூட் வரிசையில் எஸ்எஸ்டியை மேலே வையுங்கள். க்ரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

கொழிஞ்சாம்பாறை கடை:
வந்துவிட்டது! ரொம்ப நன்றிங்க. பழைய டிஸ்க் தானாக மவுண்ட் ஆக (இணைந்து திறக்க), எஃப்எஸ்டேப் என்ற அமைப்பு ஃபைலில் லினக்ஸ் அதற்குத் தரும் பெயரான எஸ்டிபி1 என்று போடலாமா?

பொள்ளாச்சி தம்பி:
வேண்டாம்ணா, அந்தப் பெயரும் இடம் மாறும். எல்எஸ்பிஎல்கே -எஃப் அடித்து யூயூஐடியை (பார்ட்டிஷனின் அடையாள எண்) எடுத்துப் போடுங்க. 16 எழுத்தில் குட்டையாக இருப்பது என்டிஎஃப்எஸ்; நடுநடுவே கோடு போட்டு நீளமாக இருப்பது லினக்ஸின் ஃபைல்சிஸ்டமான ஈஎக்ஸ்டி4. கூடவே நோஃபெயில் என்ற ஆப்ஷனையும் சேருங்க. டிஸ்க்கைக் கழற்றி வைத்தாலும் மெஷின் பாதியில் நிற்காது.

கொழிஞ்சாம்பாறை கடை:
சரி தம்பி, போட்டுவிட்டேன். மனு பிரிண்ட் ஓடுகிறது.