ஏரிக்கரை அடியில் நீர் கசிகிறது, பயப்பட வேண்டுமா?

குன்றத்தூர் பக்கம் இருக்கிறோம், தினமும் ஏரிக்கரை மேல்தான் நடை. மழை விட்டு ஒரு வாரம் ஆகியும், வெளிச்சரிவின் அடியில் ஒரு வேப்பமரத்துப் பக்கம் செருப்பு புதைகிற ஈரம், மெல்ல நீரும் ஓடுகிறது. ஆபத்தா?

பதில் 1: மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். தெளிவாக இருந்தால் பதற வேண்டாம், மண் படிந்தால் கரை உள்ளே அரிக்கிறது, உடனே நீர்வளத் துறையிடம் சொல்லுங்கள்.

பதில் 2: எனக்கு அந்த மரம்தான் உறுத்துகிறது. பட்டுப்போய் வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழி, எலி வளை மாதிரி. அப்புறம், வெளியே களிமண் வைத்து அடைத்துவிடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறும்.

பதில் 3: செம்பரம்பாக்கத்தில் முழு ஆழமான 24 அடி எட்டும் முன்பே திறப்பது இதனால்தான். மண்கரை மேல் நீர் வழிந்தால் தாங்காது.

கேட்டவர்: டம்ளர் அடியில் லேசாகச் செம்மண். போன் போட்டுவிட்டேன்.