ஓசூரில் வாங்கிய பழைய ஹார்ட் டிஸ்க் மூன்று: எதில் படங்களை வைக்கலாம்?

பாலக்கோடு ஸ்டுடியோ:
வணக்கம். ஆவணி முகூர்த்தப் படங்களுக்கு இடம் போதாமல், ஓசூரில் ஒரு கடையில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய 1 டிபி டிஸ்க் மூன்று வாங்கினேன். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தது இது.

முதலாவது 31,000 மணி நேரம் ஓடியது. 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதி), சி5 (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை), சி6 (சரிசெய்ய முடியாதவை) மூன்றும் பூஜ்யம். சி7 (டேட்டா கேபிளில் போகும்போது வந்த பிழைகள்) மட்டும் 1ஏ0. இரண்டாவது 9,000 மணி நேரம்தான், ஆனால் மஞ்சள் எச்சரிக்கை, சி5-இல் 18. மூன்றாவது டக் டக் என்கிறது, சில நேரம்தான் தெரிகிறது.

குறைவாக ஓடிய இரண்டாவதில் போடலாமா அண்ணா? போன வருஷம் ஒரு வீட்டு நிச்சயதார்த்தப் படங்கள் டிஸ்க்கோடு போய்விட்டன. அந்த அம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அரூர் சர்வீஸ்:
தம்பி, மூன்றாவதை உடனே கழற்றிவிடுங்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

மணி நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 31,000 என்பது விடாமல் ஓடினால் மூன்றரை வருஷம், அவ்வளவுதான். சி7 பெரும்பாலும் கேபிள் கோளாறு. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண் குறையாது, ஏறாமல் நின்றால் போதும்.

பயம் இரண்டாவதில்தான். அந்த எண்கள் பதினாறின் கணக்கில் வரும், 18 என்றால் 16-உம் 8-உம் சேர்ந்து 24. அதாவது 24 செக்டாரைப் படிக்க முடியாமல் டிஸ்க் தவிக்கிறது. ஃபார்மேட் பெட்டியில் 'குவிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதும், பழைய ஆபீஸ்காரர்களின் ஃபைலும் அழியும். சில மணி நேரம் ஆகும், யூபிஎஸ்ஸில் போடுங்கள். எழுத முடிந்த செக்டார் சி5-இலிருந்து விலகும், முடியாதது 05-இல் சேரும். அப்புறம் இன்னொரு முறை ஃபார்மேட் செய்து 05 ஏறுகிறதா பாருங்கள்.

பாலக்கோடு ஸ்டுடியோ:
செய்தேன் அண்ணா. முதல் முறை சி5 பூஜ்யம், 05-இல் 8. சந்தோஷப்பட்டேன். இரண்டாம் முறை 05-இல் 1சி.

அரூர் சர்வீஸ்:
1சி என்றால் 28. 8 இருந்தது 28 ஆகிவிட்டது. ஒதுக்கிவிடுங்கள். முதலாவது?

பாலக்கோடு ஸ்டுடியோ:
கேபிள் மாற்றி இரண்டு முறை எழுதியாயிற்று. 05 பூஜ்யம், சி7 அதே 1ஏ0.

அரூர் சர்வீஸ்:
சரி, அதில் வையுங்கள், ஆனால் இரண்டாவது பிரதியாக மட்டும். ஆல்பம் கைக்குப் போகும்வரை கேமரா கார்டை அழிக்க வேண்டாம்.