மறு: ‘பொல்லார்ட் புல்’லுக்குத் தமிழில் என்ன? – முளையிழுவை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை ஒன்று விடாமல் படித்துவிட்டேன். பகலெல்லாம் வைண்டிங் பட்டறையில் வேலை, உடனே பதில் எழுத முடியவில்லை. அதோடு, சொல்லை முடிவுசெய்வதற்கு முன்னால் அந்தச் சோதனையை, அதாவது படகைக் கரையில் இருக்கிற கம்பத்தில் கயிற்றால் கட்டி, முழு வேகத்தில் இழுக்கவிட்டு, கயிற்றில் வருகிற விசையை அளப்பதை, என் கையால் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும் என்றும் இருந்தது. போன ஞாயிறு பல்லடம் பக்கத்தில் மாமன் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் செய்தும் பார்த்தாயிற்று. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி. கிணற்றுக்குள் இறங்கி, சுவர் விரிசலையும் சேற்று மட்டத்தையும் ஊற்றுக்கண்ணையும் கேமராவில் காட்டுகிற சின்ன ரோபோ ஒன்றை நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்கிறோம். அதைத் தண்ணீரில் தள்ளுகிற தொகுப்புக்கு, அதாவது மோட்டாரும் விசிறியும் சுற்றுவளையமும் சேர்ந்ததற்கு, ‘நீருந்தி’ என்று இந்தக் குழுவில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நல்ல சொல். உந்தி என்றால் கொப்பூழ் ஆயிற்றே என்று கேட்டவர் அகராதியை இன்னும் ஒரு வரி கீழே பார்க்கலாம்: நீர்ச்சுழி, ஆறு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. மோட்டாரை மின்னோடி என்று மாற்றச் சொன்னவரோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்த நாளிலிருந்து அது இந்த ஊர்ச் சொல். தோட்டத்துக்காரர் வாயில் எண்பது வருடத்துக்கு மேல் புழங்கிய சொல்லை இனி எதற்கு மாற்ற வேண்டும்?

இப்போது மோட்டார் விஷயம். நாம் தேடுகிற சொல்லுக்கான தேவையே அங்கிருந்துதான் வருகிறது.

கார் வைப்பர் மோட்டாரை முதல் நாளே கழித்துவிட்டோம். பல்சக்கரம் வைத்து வேகத்தை மிகவும் இறக்கியிருப்பார்கள். முறுக்கு இருக்கும், சுற்று இருக்காது. படகில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற 12 வோல்ட் பம்பு மோட்டார் பரவாயில்லை. தண்ணீர் புகாதபடி அடைத்தே வருகிறது, இரண்டு கம்பியை பேட்டரியில் கொடுத்தால் ஓடும். பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். எங்களுக்கு வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தது, பிரஷ் தேய்மானமும் வேண்டாம் என்று பட்டது. அதனால் பிரஷ் இல்லாத ட்ரோன் மோட்டாருக்கு வந்தோம்.

இதில் காயில் நடுவில் நிற்கும், காந்தம் ஒட்டிய கூடு வெளியே சுற்றும். இடைவெளியில் தண்ணீர் தாராளமாகப் போய்வரலாம்; எனாமல் உரியாத வரை காயிலுக்கு ஒன்றும் ஆகாது. நம் போர் மோட்டாரில் தண்ணீரை நிரப்பித்தானே குழிக்குள் விடுகிறோம்? அங்கே பிவிசி உறை போட்ட கம்பி, இங்கே வெறும் எனாமல் கம்பி. அதனால் மெல்லிய எபாக்சி ஒரு கை பூசிவிடுகிறேன். கெடுவது பேரிங்தான். எங்கள் பக்கத்து உப்புத்தண்ணீரில் ஓட்டிவிட்டு அப்படியே வைத்தால் சில நாளில் கரகரவென்று சத்தம் வரும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஊதிக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். ஷாஃப்ட் முனையில் இருக்கிற நகக்கண் அளவு கிளிப்பையும் பாருங்கள். விசிறி கூட்டை வெளியே இழுக்கும்போது அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது அதுதான்.

மோட்டார் பெட்டியில் ‘கேவி’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 11 கேவி லைன் பார்த்துப் பழகிய நமக்கு அது கிலோவோல்ட் போலத் தெரியும். அப்படியில்லை. சுமை இல்லாமல் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான். இதற்கு ‘வோல்ட்சுற்று’ என்று ஈரோட்டு நண்பர் சொன்னது அப்படியே நிற்கட்டும்.

நான் வாங்கிய மோட்டாரில் 700 என்று ஒட்டியிருந்தது. சந்தேகமாக இருந்ததால் லேத்தில் பிடித்து 1000 சுற்றில் ஓட்டி, மூன்று கம்பியில் எவையேனும் இரண்டுக்கு நடுவே மீட்டர் வைத்தேன். 0.7 வோல்ட் ஏசி. உச்ச வோல்ட்டுக்காக அதை 1.414ஆல் பெருக்கினால் 0.99. ஆயிரத்தை அதால் வகுத்தால் 1010. ஒட்டியிருந்தது 700, உள்ளே இருந்தது 1010. தண்ணீர் காற்றைப் போல 800 மடங்குக்கு மேல் அடர்த்தி. அவ்வளவு வேகமான மோட்டாரை 12 வோல்ட்டில் நேராக விசிறியோடு தண்ணீரில் விட்டால் மின்னோட்டம் எகிறிவிடும். வேகக்கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று எனக்கு அப்படித்தான் கருகியது.

பட்டறைக்காரன் என்பதால் அந்த மோட்டாரையே பிரித்து மறுபடி கட்டினேன். காயில் சுற்ற 12 இரும்புப் பல், 14 காந்தம். பல்லுக்குச் சுற்றின எண்ணிக்கையை இரட்டித்து, கம்பியைக் குறுக்குவெட்டில் பாதியாக்கினால், வோல்ட்சுற்று பாதியாகி 505க்கு வரும். இங்கே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. இந்தக் குழுவிலும் பார்த்தேன். வோல்ட்சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகாது என்கிறார்கள். மின்தடை நாலு மடங்கு ஆகிறது, அதே முறுக்குக்கு மின்னோட்டம் பாதியாகிறது. பெருக்கிப் பாருங்கள், செம்பில் எழும் சூடு அதேதான். நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பலகையிலும் நீளமான கேபிளிலும் போகிற மின்னோட்டம் பாதி, பேட்டரி வோல்ட்டுக்கு விசிறியின் வேகம் பொருந்துகிறது. ஒரே விசிறியில் தள்ளுவிசை வேகத்தின் இருபடியாகத்தான் ஏறும், அதற்கு வேண்டிய சக்தி முப்படியாக ஏறும். இரண்டு மடங்கு தள்ள வேண்டுமென்றால் சக்தி ஏறக்குறைய 2.8 மடங்கு. ஆகவே பெரிய விசிறி, மெதுவான சுற்று என்பதே நம் வழி.

இனி உங்கள் மடல்களுக்கு.

> நிலையுந்துவிசை என்று ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

நிலையுந்துவிசை என்றால் நீருந்தி நின்ற இடத்தில் தள்ளும் விசை. அதுவே போதும் என்று நானும் நினைத்திருந்தேன், குட்டைக்குப் போகும் வரை. நீருந்தியைத் தனியாகச் சோதிக்க எல் வடிவத்தில் ஒரு கை செய்தேன். நடுவில் பேரிங், இரண்டு பக்கமும் 40 சென்டிமீட்டர். கீழ்க்கை தண்ணீருக்குள் நீருந்தியோடு தொங்கும், மேல்கை சமையலறைத் தராசை அழுத்தும். இரண்டு கையும் ஒரே நீளம் என்பதால் தராசு காட்டுவதே தள்ளுவிசை. முதலில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்த்தபோது 1.2 கிலோ காட்டிவிட்டு, சில விநாடியில் 0.9க்கு இறங்கியது. சின்னத் தொட்டியில் தண்ணீரே விசிறியோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. குட்டைக்கு மாற்றினேன், 1.2 அசையாமல் நின்றது. இது நிலையுந்துவிசை, அந்தச் சொல் இதற்குச் சரி.

அப்புறம் முழு ரோபோவையும் தண்ணீரில் விட்டேன். தளும்பத் தளும்ப நிறைந்திருந்த குட்டை. தார்ப்பாய் விரித்த ஓரத்தைத் தாண்டி, மாடு கட்டுகிற இரும்பு முளையை வரப்பில் அடித்து, அதில் கொக்கித் தராசு, தராசில் ஐந்து மீட்டர் நைலான் கயிறு, கயிற்று முனையில் ரோபோ. பின்னால் இருக்கிற இரண்டு நீருந்தியும் முழு வேகம். கணக்குப்படி 2.4 கிலோ வர வேண்டும். தராசில் 1.9. கயிறு கிண்ணென்று நிற்கிறது, ரோபோ திமிறுகிறது, முள் 1.9ஐத் தாண்டவில்லை. தண்ணீரில் கொஞ்சம் சேறு கலக்கிவிட்டுப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. நீருந்தி பின்னால் தள்ளுகிற தண்ணீர் பேட்டரிக் குழாயின் தோளில் மோதுகிறது. முன்னால் தள்ளியதில் ஒரு பங்கை உடம்பே பின்னால் வாங்கிக்கொள்கிறது. நீருந்திகளை இருபுறமும் 6 சென்டிமீட்டர் விலக்கி வைத்தேன், 2.2 ஆயிற்று.

ஆக இவை இரண்டு வேறு அளவுகள். நீருந்தி தனியாக என்ன தள்ளும் என்பது ஒன்று. உடம்போடு சேர்த்துக் கட்டிப் போட்டால் கயிற்றில் என்ன மிஞ்சும் என்பது இன்னொன்று. துறைமுகத்தில் கப்பலை இழுக்கிற படகுகளுக்கு 50 டன், 60 டன் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். கரையில் இருக்கிற கட்டுக்கம்பத்தில் கயிற்றைக் கட்டி, முழு வேகத்தில் இழுக்கவிட்டு அளப்பார்கள். அந்தக் கம்பம்தான் பொல்லார்ட்.

மோட்டாரைத் தேர்ந்தெடுக்கவும் இந்தச் சோதனையே கை கொடுக்கும். நகராமல் கட்டிக் கிடக்கும்போதுதான் விசிறிக்குச் சுமை அதிகம். நகர ஆரம்பித்துவிட்டால் அதே வோல்ட்டில் தள்ளுவிசையும் குறையும், மின்னோட்டமும் குறையும். கட்டிய நிலையில் ஐந்து நிமிடம் தாங்கினால் ஓட்டத்தில் கவலையில்லை. கிணற்று ரோபோவுக்கு ஓட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை என்பதும் உண்மை. கேபிளை இழுத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதுதான் அதன் வேலை. சொல்லில் ‘கட்டி’ அல்லது ‘முளை’ இருக்க வேண்டும் என்று நான் அழுத்திக் கேட்பது இதனால்தான்.

> கட்டுத்தறி இழுவை என்றால் இலக்கிய வாசனையும் இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோமனூர், பல்லடம் பக்கம் வந்து தறி என்று சொல்லுங்கள், யாரும் மாடு கட்டும் கம்பத்தை நினைக்க மாட்டார்கள். தறி என்றால் விசைத்தறிதான். போதாததற்குக் கட்டுத்தரை என்று மாடு கட்டும் இடத்தைச் சொல்கிறோம். காதில் விழும்போது தறியா தரையா என்று தெரியாது. பட்டறை இரைச்சலில் சொல்கிற சொல்லுக்கு இது பெரிய குறை.

> முளையிழுப்பு?

முளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கரையில் அடித்து நிறுத்தியது, உயிருள்ள ஒன்றைக் கட்டிப் போடுவது, எல்லா ஊரிலும் தெரிந்தது. நாற்று முளையோடு குழம்பும் என்று பொள்ளாச்சி அம்மா எழுதியிருந்தார்கள். பக்கத்தில் இழுவை, கிலோ, கயிறு என்று வரும்போது அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். இழுப்புதான் உதைக்கிறது. இழுப்பு என்றால் வீட்டில் மூச்சிரைப்பு, இல்லாவிட்டால் வலிப்பு. ஒரு சுழி கூடி முளை மூளையாகிவிட்டால் முழுச்சொல்லும் நோயின் பெயராகிவிடும்.

அதனால் இழுவை. பாடப்புத்தகத்தில் கயிற்றின் விசைக்கு இழுவிசை என்று ஏற்கெனவே இருக்கிறது, படகுக்கு இழுவைப்படகு இருக்கிறது. இரண்டுக்கும் இது உறவுச்சொல். முளையிழுவிசை என்று முழுதாகச் சொன்னால் துல்லியம்தான், எழுத்து நீள்கிறது. அளவுக்கு ‘முளையிழுவை’, செயலுக்கு ‘முளைகட்டி அளத்தல்’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

இதை ஏற்கெனவே புழக்கத்தில் விட்டுப் பார்த்தேன். வைண்டிங் பழக வருகிற தம்பியிடம் எந்த விளக்கமும் சொல்லாமல், “முளையிழுவை எவ்வளவுன்னு எழுது” என்றேன். தராசைப் பார்த்து 2.2 என்று எழுதினான். புதன்கிழமை அவனே என்னிடம், “505 கட்டினதை இன்னும் முளையில போடலீங்களாண்ணா?” என்று கேட்டான்.

வரும் ஞாயிறு அதைத்தான் போடப்போகிறோம். சோதனைக் குறிப்பேட்டில் நிலையுந்துவிசைக்கு ஒரு பத்தி, முளையிழுவைக்கு ஒரு பத்தி என்று பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன். கடற்கரைப் பக்கத்து நண்பர்கள் கட்டுக்கம்பத்துக்குத் துறையில் வேறு சொல் வைத்திருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதற்குப் பிறகு பேனாவில் எழுதிவிடுவேன்.

அன்புடன்,
கணபதி வைண்டிங் பட்டறையிலிருந்து