அப்பச்சி என்று எழுதினால் தவறா?

ஆத்தங்குடிக்காரர்:
என் பேத்தி 3ஆம் வகுப்பு படிக்கிறாள். ‘என் தந்தை’ பற்றி எழுதச் சொன்னதற்கு, “என் அப்பச்சி எனக்குச் சைக்கிள் பழக்கினார்” என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை கோயம்புத்தூர்ப் பக்கம். அங்கே அப்பச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. சிவப்பு மையால் அடித்து, “தாத்தாவைப் பற்றிக் கேட்கவில்லை” என்று எழுதிவிட்டார். நகரத்தார் வீடுகளில் அப்பாவைத்தான் அப்பச்சி என்கிறோம். பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு நாளாக நோட்டை ஒளித்து வைத்திருந்தாள். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஊர்ப் பேச்சைத் தெரிந்துகொண்டு பாடம் நடத்த வேண்டும்.

தேவகோட்டை ஆசிரியர்:
ஐயா, உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் நீங்கள் கேட்பதை ஏற்க மாட்டேன். என் வகுப்பில் 38 பிள்ளைகள். தகப்பனை அப்பச்சி, அத்தா, ஐயா, அப்பா என்று வீட்டுக்கு ஒரு விதமாக அழைக்கிறார்கள். நாளைக்கு விடைத்தாளைத் திருத்தப்போகிறவர் எந்த ஊர்க்காரரோ! புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பொதுத் தமிழைப் பள்ளிக்கூடம் தராவிட்டால் வேறு யார் தருவார்கள்?

கோட்டையூர் அக்கா:
இருவரும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். செங்கல் சூளைக்கு வந்திருக்கும் ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருகிறேன். ஒரு பையன் முதல் நாள் “பாணி, பாணி” என்றான். தண்ணீர் கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் பழைய சோறும் சின்ன வெங்காயமும் கொண்டுபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தூக்குச்சட்டியை எட்டிப் பார்த்தவன் முகம் மலர்ந்து, “பகாளா!” என்றான். அவர்கள் ஊரிலும் சோற்றில் நீரூற்றி வைத்துச் சாப்பிடுகிறார்கள். “பழையது” என்றேன். “பளையது” என்றான். அவன் பேசிய முதல் தமிழ்ச் சொல் அதுதான். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. நாம் பத்துச் சொல்லாவது கற்க வேண்டாமா?

தேவகோட்டை ஆசிரியர்:
அம்மா, உங்களிடம் எத்தனை பிள்ளைகள்? ஐந்தா, ஆறா? மழை வந்தால் சூளை நின்று அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். நான் பாடத்தையும் முடிக்க வேண்டும், பதிவேடும் எழுத வேண்டும். ஒடியா தெரிந்த ஒருவரை அனுப்புங்கள், கைகூப்பி வரவேற்கிறேன். ஆசிரியர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதீர்கள்.

ஆத்தங்குடிக்காரர்:
எங்கள் ஐயா, அதாவது தாத்தா, இரங்கூனில் கடையில் இருந்தவர். கடைசி வரை பர்மிய மொழியில் எண்ணுவார். போன ஊரின் பேச்சைக் கற்றுக்கொண்டார்.

தேவகோட்டை ஆசிரியர்:
பிழைக்கப் போனவர் கற்றார். அப்படிப் பார்த்தால் சூளைப் பிள்ளைதான் தமிழ் கற்க வேண்டும்!

கோட்டையூர் அக்கா:
அவர் பெரியவர், கற்றார். இவனுக்கு ஆறு வயது.

தேவகோட்டை ஆசிரியர்:
சரி, அது உண்மைதான். வீட்டுச் சொல் ஒரு பக்கம், புத்தகச் சொல் ஒரு பக்கம் என்று பிள்ளைகளையே எழுதவைத்துப் பார்க்கிறேன். மதிப்பெண் புத்தகச் சொல்லுக்குத்தான். அதில் மாற மாட்டேன்.

ஆத்தங்குடிக்காரர்:
மதிப்பெண் போகட்டும். தன் அப்பச்சியைப் பற்றி எழுதியதே தவறு என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை அந்த ஆசிரியை வாயால் சொன்னால்தான் மாறும். நாளைக் காலை நோட்டோடு அவரைப் பார்க்கப் போகிறேன்.