புதுப்பிப்பு: கொழும்பில எந்த ஹோட்டல்? போயிட்டு வந்திட்டம்

அம்மா, அப்பாவின்ர 40ஆவது கலியாண நாளுக்குக் கொழும்பில ரெண்டு இரவு நிக்க, காலிமுகத்திடல்ப் பக்கம் புதுசா எழும்பின உயரக் கட்டடமா, பழைய ஹோட்டலா எண்டு போன மாசம் கேட்டிருந்தன். மறுமொழி போட்ட எல்லாருக்கும் நன்றி.

கோல் பேஸ் ஹோட்டலையே எடுத்தம். 1864இல தொடங்கினது. கடலுக்கும் அதுக்கும் இடையில றோட்டே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். புதுக் கட்டடங்களில கடல் கண்ணாடிக்கு அங்கால, இங்க காதுக்குள்ள. பொழுதுபடேக்க கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முற்றத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சம். உப்புக்காத்து படிஞ்ச மூக்குக்கண்ணாடியை அம்மா சீலைத் தலைப்பால துடைச்சுத் துடைச்சுக் கடலையே பாத்துக்கொண்டிருந்தா. கிளிநொச்சியில இருந்து இரவு பஸ்ஸில வந்த அலுப்பு அவவில தெரியவேயில்லை.

காசு விஷயம் கட்டாயம் கவனியுங்கோ. முதல் விசாரிச்ச வேறொரு இடத்தில சொன்ன விலையில 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் சேரேல்லை. "எல்லாம் சேத்து எவ்வளவு?" எண்டு எழுத்தில கேளுங்கோ. அறை கடலைப் பாக்குதா, திடலைப் பாக்குதா எண்டும் கேளுங்கோ.

அப்பா அடுத்த முறை பேரப்பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகவேணுமாம்.