டிமினசீன் போட்டும் காய்ச்சல் விடவில்லை, இமிடோகார்ப் போடலாமா?

கேள்வி – தாராபுரம் பண்ணையாளர்
கன்று ஈன்று மூன்று வாரமான என் கலப்பின ஜெர்சிப் பசு நான்கு நாட்களாகத் தீவனம் எடுக்கவில்லை, அசையும் போடவில்லை. இரு வேளையும் சேர்த்து 12 லிட்டர் கறந்த மாடு, நேற்று 3 லிட்டரோடு நின்றுவிட்டது. காய்ச்சல் 106 டிகிரி. உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி, ரத்தம் எடுத்துப் பார்க்காமலே டிமினசீனும் காய்ச்சல் ஊசியும் போட்டார்கள். அன்றிரவு சற்றுத் தேறியது; மறுநாள் மதியம் பழைய நிலைக்கே வந்துவிட்டது. சிறுநீர் மஞ்சளாகவே இருக்கிறது. மருந்துக் கடையில் இமிடோகார்ப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில் – கால்நடை மருத்துவர்
பொறுங்கள். தோள்பட்டைக்கு முன்னால் தடவிப் பாருங்கள், நெறி கட்டியிருக்கிறதா?

தாராபுரம் பண்ணையாளர்
ஆம் ஐயா, இடப்பக்கம் கோழிமுட்டை அளவில் இருக்கிறது.

பதில் – கால்நடை மருத்துவர்
அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தைலேரியாவை. பேபிசியா, அனாபிளாஸ்மா, தைலேரியா மூன்றும் உண்ணி பரப்பும் ரத்தக் கிருமிகள். பேபிசியா சிவப்பணுக்களை உடைப்பதால் சிறுநீர் காபி நிறமாகும்; அதற்கு டிமினசீன், கிலோவுக்கு 3.5 மி.கி. அளவில், நன்றாகக் கேட்கும். அனாபிளாஸ்மா உண்மையில் பாக்டீரியா என்பதால் அதற்கு ஆக்சிடெட்ராசைக்ளின். தைலேரியாவோ முதலில் வெள்ளையணுக்களுக்குள் புகுந்து அவற்றையும் சேர்த்துப் பெருகச் செய்கிறது. நெறி கட்டுவது அதனால்தான். அதனிடம் இமிடோகார்ப் எடுபடாது. வாயில் நீர் வடிதல், வயிற்றுவலி போன்ற தொல்லைதான் கூடுதலாக வரும்.

இதற்குரிய மருந்து பூபர்வகுவோன்: கிலோவுக்கு 2.5 மி.கி., கழுத்துத் தசையில். 350 கிலோ மாட்டுக்கு 17.5 மி.லி. வரும், ஒரே இடத்தில் செலுத்தாமல் இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள். தேவைப்பட்டால் 48 முதல் 72 மணி நேரத்தில் இன்னொரு முறை. விலை கூடிய மருந்து என்பதால், ஊசிக்கு முன் காது நுனி ரத்தத்தையும் நெறியிலிருந்து ஊசியால் உறிஞ்சிய நீரையும் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். நோயிலிருந்து மீண்ட மாட்டின் சிவப்பணுக்களிலும் தைலேரியா கொஞ்சம் தங்கியிருக்கும். ஆகவே ரத்தத்தில் ஒன்றிரண்டு தெரிந்தால் மட்டும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. நெறி நீரில் தெரிந்தால் சந்தேகமில்லை.

பதில் – பத்து மாட்டுக்காரர்
சென்ற ஆண்டு என் மாடு ஒன்று கட்டன்காபிபோல் சிறுநீர் விட்டது. டிமினசீன் போட்ட மறுநாளே தெளிந்தது. ஆகவே அந்த மருந்தின்மேல் பழி போடாதீர்கள். இன்னொன்று: பேபிசியாவைப் பரப்பும் உண்ணி ஒரே மாட்டின் மேலேயே வளர்ந்து முடிக்கும். தைலேரியாவைப் பரப்புவது அப்படியன்று. இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பில் தோலுரித்துவிட்டு, மறுபடி மாட்டின்மேல் ஏறும். மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் போதாது, கொட்டகை வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும். என் கொட்டகையில் தீவனத் தொட்டிக்குப் பின்னால் விரல் நுழையும் வெடிப்பு ஒன்று இருந்தது. கிளறியபோது ஒரு கை அள்ளும் அளவுக்கு உண்ணி கொட்டியது.

தாராபுரம் பண்ணையாளர்
நெறி நீரில் தைலேரியா தெரிந்தது. பூபர்வகுவோன் போட்டு இரண்டு நாளாகிறது, காய்ச்சல் 102.4. தீவனம் எடுக்கிறது, ஆனால் கண்ணின் உள்சவ்வு வெளுத்தே இருக்கிறது. பாலைச் சங்கத்தில் ஊற்றலாமா?

பதில் – கால்நடை மருத்துவர்
மருந்துக் குப்பியின் உறையில் போட்டிருக்கும் விலக்கு நாட்கள் முடியும்வரை ஊற்றக் கூடாது. இரண்டாம் ஊசி போட்டால் நாட்களை அன்றிலிருந்து எண்ணுங்கள். மருந்து கிருமியைக் கொல்லும், இழந்த ரத்தத்தைத் தராது. சவ்வு இன்னும் வெளுத்தால், அல்லது மாடு நிற்கத் தடுமாறினால், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். நாளைக் காலை மீண்டும் ரத்தச் சிவப்பணு அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வெயிலில் நடத்திக்கொண்டு போகாதீர்கள்.